ஐரோப்பிய சரக்கு ரயிலுக்கு ஒரே கவுண்டர்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பாவனையாளரின் விமர்சனம்

பல நாடு தாண்டி ஓடுகிற சரக்கு ரயிலுக்கு வேண்டிய நேர அனுமதியை ஒரே இடத்தில் கேட்க ஐரோப்பாவில் ஒரு கவுண்டர் இருக்கிறது, இது அதைப் பற்றிய விமர்சனம். முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்று. கவுண்டரில் இருக்கிற ஆட்களுக்கு நாலரை கொடுக்கலாம், கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற ஏற்பாட்டுக்கு ஒன்றரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை, கூட்டிப் பிரித்தால் மூன்றுதான் வருகிறது.

கொத்துரொட்டிக் கடைக்கும் போனுக்கும் எழுதுகிற மாதிரி இதற்கும் விமர்சனமா என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஐரோப்பியக் கம்பனிகளுக்கு வேலை செய்கிற பிள்ளைகள் இப்போது கொஞ்சப் பேர் இல்லை. கணக்கு, வடிவமைப்பு, மென்பொருள் என்று எல்லாரும் போக, எங்களைப் போல ஒன்றிரண்டு பேர் சரக்கு ரயில் பக்கம் வந்து மாட்டிக்கொண்டோம். திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற எங்கள் சின்னக் கந்தோர், கொள்கலன்களை ரயிலில் அனுப்புகிற ஒரு முகவர் நிறுவனத்துக்குப் பின்னணி வேலை செய்து கொடுக்கிறது. அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பகல் பன்னிரண்டரை, மாரியில் ஒன்றரை, அதனால் மத்தியானச் சாப்பாட்டோடு தொடங்கி இரவில்தான் முடியும். என்ன வேலை தம்பி என்று கேட்பவர்களிடம் ரயிலுக்கு இடம் பிடிக்கிறது என்று சொன்னால் கொழும்புக்கு சீட் பதிகிற வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள், திருத்தப் போனால் அரை மணித்தியாலம் போய்விடும் என்பதால் நானும் தலையாட்டிவிடுவேன்.

விஷயம் இதுதான். ஒரு சரக்கு ரயில் நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் புறப்பட்டு இத்தாலியின் ஜெனோவாவுக்குப் போக வேண்டுமென்றால் எஞ்சினும் பெட்டியும் ஓட்டுநரும் இருந்தால் மட்டும் போதாது, எந்தச் சந்தியை எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குக் கடக்கலாம் என்ற அனுமதி முழு வழிக்கும் வேண்டும். இதைத்தான் பாத் என்கிறார்கள். வழியில் நான்கு நாடு. முன்பு ஒவ்வொரு நாட்டிடமும் தனித்தனியே கேட்க வேண்டியிருந்தது, ஒரு நாடு இரவு இரண்டு மணிக்கு எல்லையில் கொண்டுவந்து விடும், அடுத்த நாடு விடிய ஐந்தரைக்குத்தான் உள்ளே எடுக்கும், இடையில் ரயில் ஒரு பக்கப் பாதையில் நின்று கொட்டாவி விடும். இதைச் சரிப்படுத்தத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் 913/2010 என்ற ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. முதலில் ஒன்பது சரக்கு வழித்தடங்கள், அவற்றில் ஆறு 2013 நவம்பரில் இயங்கத் தொடங்கின, பிறகு எண்ணிக்கை பதினொன்றானது. ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஒரு நிர்வாகக் குழு, அதற்கு மேலே அந்தந்த அரசுகளின் குழு, கீழே ஒரே ஒரு கவுண்டர். நான் விமர்சிப்பது அந்தக் கவுண்டரை.

நல்லதை முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் உண்மையிலேயே நல்ல விஷயங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் புதிய நேர அட்டவணை டிசம்பர் நடுவில் மாறும். அதற்குப் பதினொரு மாதம் முன்னதாக, ஜனவரியில், எல்லை தாண்டும்போது நேரம் பொருந்துகிற மாதிரி ஏற்கனவே தைத்து வைத்த பாத்களைக் கவுண்டர் வெளியிடும். ஏப்ரலுக்குள் நாங்கள் கேட்க வேண்டும். ஒரே பாத்தை இரண்டு பேர் கேட்டால் யார் பெரிய ஆள், யார் பழைய வாடிக்கையாளர் என்றெல்லாம் பார்ப்பதில்லை, கேட்கிற தூரம் எவ்வளவு, வருடத்தில் எத்தனை நாள் ஓடப்போகிறது என்று பெருக்கிப் பார்த்து அதிகம் வருபவருக்குக் கொடுப்பார்கள், அதுவும் சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கல். சூத்திரம் வெளியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இங்கே ஒரு பத்திரம் எடுக்கக் கந்தோர் கந்தோராக அலைந்து, யாரைத் தெரியும் என்று கேட்டுப் பழகிய எங்களுக்கு இது பெரிய விஷயம்தான். தோற்றாலும் எதனால் தோற்றோம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று, ரயில் ஓட்டாத ஆட்களும் கேட்கலாம். சரக்கு முகவர், கொள்கலன் நடத்துநர், ஏன், சரக்கின் சொந்தக்காரர்கூட நேரே பாத் கேட்க இந்த ஒழுங்குவிதி வழி விட்டிருக்கிறது. ரயில் ஓடுவதற்கு முப்பது நாள் முன்னதாக யார் ஓட்டப்போகிறார்கள் என்று சொன்னால் சரி. இந்த ஒரு வசதி இல்லையென்றால் எங்கள் கந்தோருக்கு வேலையே இருந்திருக்காது.

திரையில் எப்படி இருக்கும் என்றால், ஒரு கோவை, அதற்குள் வழியில் வருகிற ஒவ்வொரு நிர்வாகத்துக்கும் ஒரு வரி, வரிக்கு வரி ஒரு சின்ன விளக்கு. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று மாறிக்கொண்டு வரும், எல்லாம் பச்சையானால்தான் வேலை முடிந்தது. மூன்று பச்சையாகி ஒன்று மட்டும் மஞ்சளில் நிற்கிற பின்னேரங்கள் எங்களுக்கு நன்றாகப் பழக்கம். அப்போது கவுண்டருக்கு எழுதினால் பதில் வரும், மரியாதையாக வரும், விளக்கமாகவும் வரும், ஆனால் பதிலின் சாரம் எப்போதும் ஒன்றுதான்: சம்பந்தப்பட்ட நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம்.

குறையே அங்கேதான் தொடங்குகிறது. கவுண்டருக்குச் சொந்தத் தண்டவாளம் ஒரு முழம்கூட இல்லை. ஒவ்வொரு நாட்டின் தண்டவாள நிர்வாகமும் எவ்வளவு பாத் ஒதுக்கிக் கொடுக்கிறதோ அதைத்தான் அது விற்க முடியும். கடை முகப்பில் ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார், களஞ்சியத்தின் சாவி வேறு நாலைந்து பேரின் இடுப்பில் தொங்குகிறது. ஒப்பந்தமும் அப்படித்தான், கேட்பது ஒரே இடத்தில் என்றாலும் கையெழுத்தும் தண்டவாளக் கட்டணமும் நாட்டுக்கு நாடு தனித்தனி, ரத்துச் செய்தால் கட்டவேண்டிய தண்டமும் நாட்டுக்கு நாடு வேறு.

அப்படியென்றால் அந்தச் சாவிக்காரர்கள் யார்? எங்கள் கந்தோரில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் இதைத்தான் கேட்டான்: "அண்ணை, தண்டவாளமும் அவேட, ரயிலும் அவேதான் ஓட்டினம், பிறகு எப்படி மற்றவனுக்கு நியாயமாப் பங்கு போடுவினம்?" ஐரோப்பிய ஆணையம் 1991இலிருந்து சண்டை பிடிக்கிற கேள்வி அது. அந்த வருடத்து 91/440 பணிப்புரை தண்டவாளக் கணக்கையும் ரயில் ஓட்டும் கணக்கையும் பிரித்து எழுது என்றுதான் கேட்டது. 2007இல் சரக்கு ரயில் முழுவதுமாகப் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டது. 2012இல் சட்டங்களை ஒன்றாக்கினார்கள், 2016இல் வந்த நான்காவது ரயில் சட்டத் தொகுப்பு இன்னும் இறுக்கியது. யாருக்கு எந்த பாத், அதற்கு எவ்வளவு கட்டணம் என்ற இரண்டு தீர்மானத்திலும் ரயில் ஓட்டுகிற கம்பனியின் கை படக்கூடாது, ஒரே ஆள் இரண்டு பக்க நிர்வாகக் குழுவிலும் இருக்கக்கூடாது, தண்டவாள நிர்வாகத்தின் மேலாளருக்கு ரயில் கம்பனியின் லாபத்தைப் பார்த்து போனஸ் கொடுக்கக்கூடாது. போனஸ் வரைக்கும் யோசித்தவர் யாரோ கந்தோர் அரசியல் நன்றாகத் தெரிந்த ஆளாகத்தான் இருக்கவேண்டும்.

ரைன் ஆற்றை ஒட்டிப் போகிற அந்த ரொட்டர்டாம் ஜெனோவா வழியிலேயே சுதந்திரத்தின் எல்லா ரகமும் இருக்கிறது. நெதர்லாந்தில் தண்டவாளத்தை வைத்திருக்கும் புரோரெயில் ரயில் ஓட்டுவதில்லை, அரசுக்குச் சொந்தமான தனி நிறுவனம். ஜேர்மனியில் 2024 ஜனவரியிலிருந்து டிபி இன்ஃப்ராகோ என்ற பெயரில் இயங்குகிற தண்டவாள நிறுவனம், அரச ரயில் குழுமமான டொயிச்ச பானுக்குள்ளேயே இருக்கிறது, அதே குழுமத்துக்குச் சரக்கு ரயில் கம்பனியும் உண்டு. சுவிஸில் தண்டவாளம் அரச ரயில் கம்பனியான எஸ்பிபியின் ஒரு பிரிவுதான், ஆனால் பாத் பங்கிடுகிற வேலையை மட்டும் வெட்டி எடுத்து, 2021இலிருந்து தனியான ஒரு கூட்டாட்சி அமைப்பிடம் கொடுத்துவிட்டார்கள். இத்தாலியில் தண்டவாளத்தை வைத்திருக்கும் ஆர்எஃப்ஐ, அரச ரயில் குழுமத்துக்குள் ஒரு பிள்ளை.

ஜேர்மன் மாதிரியை ஆணையம் நீதிமன்றம் வரை கொண்டுபோய்ப் பார்த்தது. 2013 பெப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒரே குழுமத்துக்குள் இருப்பதே குற்றம் என்று சொல்ல முடியாது, சட்டத்திலும் கணக்கிலும் தீர்மானத்திலும் தனித்து நின்றால் போதும் என்று வழக்கைத் தள்ளிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், ஜேர்மனியில் சரக்கு ரயிலில் பாதிக்கு மேல் இன்று டொயிச்ச பான் அல்லாத கம்பனிகள்தான் ஓட்டுகின்றன, அதற்கு அங்கே பல்லுள்ள ஒழுங்குமுறை ஆணையம் ஒன்று இருப்பது பெரிய காரணம். சுவிஸ் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. முழு வீட்டையும் இடிக்காமல் பங்கு பிரிக்கிற கையை மட்டும் வெளியே எடுத்தார்கள்.

சுதந்திரம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு லித்துவேனியாவின் கதையைச் சொல்லலாம். மஜெய்க்கியாயில் ஒரு பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. அது தன் சரக்கை லித்துவேனிய ரயிலில் அனுப்பிக்கொண்டிருந்தது, கட்டணத்தில் பிரச்சினை வந்து, பக்கத்து நாடான லத்வியாவின் ரயில் கம்பனிக்கு மாறலாமா என்று 2008இல் யோசித்தது. லித்துவேனிய ரயில்வே தண்டவாளத்துக்கும் பொறுப்பு, ரயில் ஓட்டுவதும் அதுவே. என்ன செய்தது தெரியுமா, லத்வியா எல்லைக்குப் போகிற 19 கிலோமீற்றர் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டது. 2017இல் ஆணையம் கிட்டத்தட்ட 28 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது, 2020இல் நீதிமன்றம் அதை 20 மில்லியன் அளவுக்குக் குறைத்தது, 2023இல் மேல்முறையீட்டிலும் தண்டம் நின்றது. தண்டவாளம் பிடுங்கின கதை எங்களுக்குப் புதிதில்லை, யுத்த காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போனதைப் பார்த்த சனம் நாங்கள். சமாதான காலத்தில், வாடிக்கையாளர் ஓடிவிடக்கூடாது என்று பிடுங்குவார்கள் என்பதுதான் புதுசு.

எங்கள் சொந்த அனுபவம் ஒன்று. எந்த வழித்தடம், எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. வருடம் முழுவதற்கும் என்று ஏப்ரலில் கேட்டு, செப்டம்பரில் இறுதிப் பதில் வந்து, விளக்கெல்லாம் பச்சையாகி, நாங்களும் சந்தோஷமாக இருந்த ஒரு பாத், ஓடத் தொடங்கிச் சில மாதங்களில் ஒரு நாட்டுப் பக்கம் தண்டவாள வேலை என்று இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தள்ளிப்போனது. ரயிலுக்கு இரண்டு மணித்தியாலம் பெரிதில்லை. ஆனால் கடைசி முனையத்தில் பாரந்தூக்கிக்கு எங்களுக்குக் குறித்த நேரம் போய்விட்டது, இறக்க முடியாத கொள்கலன்கள் அப்படியே நின்றன, அங்கிருந்து எடுக்க வந்த லொறிகள் வெறுமையாகத் திரும்பின, அதற்கான பில் எங்களுக்கு. பக்கத்து நாட்டு நிர்வாகத்துக்கே அந்த வேலை பற்றி எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கவுண்டரில் இருந்த பெண் வருத்தம் தெரிவித்தார், அதில் நடிப்பு இல்லை, ஆனால் அந்த வேலையின் திகதியை மாற்றச் சொல்லவோ, நட்டத்தைக் கொடுக்கச் சொல்லவோ அவரிடம் அதிகாரம் இல்லை. ஒன்றரை மதிப்பெண் இதற்காகத்தான்.

இது எங்கள் ஒரு கந்தோரின் புலம்பல் மட்டுமில்லை. 2017 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஜேர்மனியின் ராஸ்டாட்டில் புதுச் சுரங்கம் தோண்டும்போது மேலே இருந்த பிரதான பாதை தாழ்ந்தது, ஒக்டோபர் 2 வரை அந்த வழி மூடிக் கிடந்தது. ஐரோப்பாவின் மிகவும் நெருக்கடியான சரக்குப் பாதை அது. சுற்றி ஓட்ட பிரான்ஸ் வழி இருந்தது, ஆனால் ஜேர்மன் ஓட்டுநருக்குப் பிரெஞ்சு தெரியாது, பிரெஞ்சு தெரியாமல் அந்தத் தண்டவாளத்தில் எஞ்சினை எடுக்க முடியாது. வழித்தடம் என்ற அமைப்பு இருந்தும் முழு வழிக்கும் சேர்த்து முடிவெடுக்கிற ஆள் ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவசர காலத்துக்கான கைநூல் ஒன்றை எழுதினார்கள். அதற்கு முந்திய வருடம் ஐரோப்பியக் கணக்காய்வு நீதிமன்றத்தின் அறிக்கை, பல சர்வதேச வழிகளில் சரக்கு ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 18 கிலோமீற்றர்தான் என்று எழுதியிருந்தது. எங்கள் யாழ்தேவியை எல்லாரும் நக்கலடிக்கிறோம், அதுகூட கொழும்பு வரையுள்ள கிட்டத்தட்ட 400 கிலோமீற்றரை ஏழெட்டு மணித்தியாலத்தில் முடித்துவிடும்.

பாசலில் இருக்கிற மச்சான் இதைக் கேட்டால் சுவிஸ்காரனைக் குறை சொல்லாதே என்பான். சொல்லவில்லை. 1996இல் லுகானோவில் ஜேர்மனியும் சுவிஸும் அவரவர் பக்கத்துப் பாதையைப் பெருப்பிக்க ஒப்பந்தம் போட்டன, சுவிஸ் 57 கிலோமீற்றர் கொத்தார்ட் சுரங்கத்தை 2016இல் திறந்துவிட்டது, 2020இல் செனேரி சுரங்கத்தையும் திறந்தது, ஜேர்மன் பக்கம் கார்ள்ஸ்ரூகே பாசல் பாதையில் கூடுதல் தண்டவாளம் போடும் வேலை இன்னும் முடியவில்லை. கவுண்டரில் எவ்வளவு நல்ல ஆள் இருந்தாலும் இல்லாத தண்டவாளத்தை விற்க முடியாது.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். 1905இல் முழுமையான வடக்குப் பாதை, 1990இல் நின்றது, இந்தியக் கடனில் இர்கோன் என்ற இந்திய அரச நிறுவனம் திரும்பப் போட்டு 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ரயிலில் போன காலத்தை அப்பா இப்போதும் சொல்வார். இன்றைக்கு ஒரு சுன்னாகம் வியாபாரி, வெங்காயமும் வாழைக்குலையும் ஏற்ற எனக்கென்று கிழமைக்கு இரண்டு வண்டி வேண்டும், பணம் கட்டுகிறேன் என்று சொன்னால் யாரிடம் கேட்பார்? தண்டவாளம், சமிக்ஞை, எஞ்சின், பெட்டி, நேர அட்டவணை எல்லாமே ஒரே திணைக்களம். மறுத்தால் முறையிடவும் அங்கேயேதான் போகவேண்டும். பஸ்ஸுக்கு 1991இலேயே தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு வந்தது, மின்சாரத்துக்கு 2002 சட்டத்தில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு வந்தது, ரயிலுக்கு அப்படி வெளியில் நின்று பார்க்கிற ஆள் இல்லை. 1993இல் ரயில்வே அதிகாரசபைச் சட்டம் ஒன்று வந்தும் ரயில் இன்றும் திணைக்களம்தான். இதில் ஒரு தனி ஊழியரையும் நான் குறை சொல்லவில்லை, அமைப்பு அப்படி.

இப்படி எழுதினால் உடனே ஒரு கூட்டம் வந்து, ஓகோ, தனியாருக்கு விற்கச் சொல்கிறாயா என்று கேட்கும். இல்லை ஐயா. பிரித்தானியா தண்டவாளத்தைப் பிரித்ததோடு நிற்காமல் ரெயில்ட்ராக் என்ற பெயரில் 1996இல் பங்குச் சந்தையிலும் போட்டது. 2000 ஒக்டோபரில் ஹட்ஃபீல்டில் வெடித்துக் கிடந்த தண்டவாளம் உடைந்து நான்கு பேர் செத்தார்கள், 2002இல் நெட்வேர்க் ரெயில் பொறுப்பை எடுத்தது. நெதர்லாந்தும் பெல்ஜியமும் தண்டவாளத்தைத் தனியாக்கிய பிறகும் அது அரசின் கையில்தான் இருக்கிறது. பங்கு பிரிக்கிறவர் பந்தியில் உட்காரக்கூடாது என்பதுதான் கேட்பது, சமையற்கட்டை விற்கச் சொல்லி இல்லை.

இனி இந்தச் சேவையை எடுக்கலாமா என்றால், கிழமைக்கு மூன்று நான்கு முறை ஒரே வழியில் வருடம் முழுவதும் ஓடுகிற ரயில் உள்ளவர்கள் தயங்காமல் எடுக்கலாம், ஜனவரிப் பட்டியல் வந்த உடனேயே உட்கார்ந்து, தூரம் கூடிய பாத்தாகப் பார்த்துக் கேளுங்கள், சூத்திரம் அதற்குத்தான் சாதகம். வருட நடுவில் கேட்பவர்களுக்கென ஒதுக்கிய கொஞ்சப் பாத் ஒக்டோபரிலிருந்து கிடைக்கும், அதற்கும் ரயில் ஓட முப்பது நாள் முன்னதாக வரவேண்டும், அதனால் அடுத்த கிழமைக்கு ரயில் வேண்டும் என்கிறவர்களுக்கு இந்தக் கவுண்டர் உதவாது, நேரே அந்தந்த நாட்டு நிர்வாகங்களிடம் போங்கள். ஆணையம் 2023 ஜூலையில் 913/2010ஐ எடுத்துவிட்டுப் புதிய ஒழுங்குவிதி கொண்டுவர முன்மொழிந்தது. அதிலும் முழு வலையமைப்பையும் ஒருங்கிணைக்கிற வேலையைத் தண்டவாள நிர்வாகங்களின் கூட்டமைப்பிடமே கொடுக்கிறார்கள், அதனால் என் ஒன்றரை பெரிதாகக் கூடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் வழியிலுள்ள எல்லா நாட்டின் தண்டவாள வேலைப் பட்டியலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாத் பங்கிட்டதில் அநியாயம் என்று பட்டால் கவுண்டர் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதுங்கள், முறைப்பாடு எழுதினால் அடுத்த வருடம் பழிவாங்குவார்கள் என்ற எங்கள் ஊர்ப் பயம் அங்கே தேவையில்லை, சூத்திரம் ஆளைப் பார்ப்பதில்லை.